பெப்பர் ஆடினால் ஸ்விங் சீராகுமா? பேஸ்பாலில் புதிதாகப் பேட் பிடிப்பவர்களுக்கான பயிற்சி வரிசை

பேஸ்பால் மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் முன் ஓரமாக நடக்கும் சிறு விளையாட்டு பெப்பர். ஒருவர் பேட்டோடு நிற்பார். ஆறு மீட்டர் தள்ளி இரண்டு மூன்று பேர் வளைவாக நிற்பார்கள். ஒருவர் மிதமாக எறிய, பேட்டர் அதைத் தரையோடு தட்டி அனுப்புவார். பிடித்தவர் தாமதிக்காமல் மறுபடி எறிவார். பார்க்க எளிது, ஆடவும் சுகம். ஒரு பேட், ஒரு பந்து, நாலு பேர் இருந்தால் போதும். அதனால்தான் புதியவர்கள் பலரும் பேட்டிங்கை இதிலேயே கற்றுக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

இது ஸ்விங்கை, அதாவது பேட்டை வீசும் அசைவை, சீராக்குமா என்றால், பாதிதான். கண்ணும் கையும் நன்றாகப் பழகும். பேட்டின் தடித்த பகுதியைப் பந்தோடு கொண்டு சேர்க்கும் துல்லியம் கூடும். ஆனால் கால், இடுப்பு, உடல் எடை பின்னிருந்து முன்னுக்கு வரும் ஒழுங்கு எதுவும் இதில் வளராது. ஸ்விங் ஏற்கெனவே உடம்பில் ஊறிவிட்டவருக்கு இதனால் நட்டமில்லை. அவர் பெப்பரில் தொடங்கி, பந்தை அசையாமல் நிறுத்தி அடிக்க உதவும் தண்டான டீக்குப் போகலாம். இன்னும் ஊறாதவர் தினமும் பெப்பரில் தொடங்கினால், அந்த அரை ஸ்விங்கைத்தான் உடம்பு முழு ஸ்விங்காக எடுத்துக்கொள்ளும். புதியவருக்கு வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் பந்தில்லாத வெறும் ஸ்விங், பிறகு டீ, அதன்பின் அருகிலிருந்து மெல்லப் போடும் பந்தை அடிக்கும் டாஸ், கடைசியில் பெப்பர்.

முழு ஸ்விங்கில் நடப்பது

மணிக்கு 145 கி.மீ. வேகத்தில் வரும் பந்து, பிட்ச்சரின் (பந்தெறிபவரின்) கையை விட்டு, பேட்டர் அருகே தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டை அடைய ஏறத்தாழ 0.4 நொடி ஆகிறது. பேட் கிளம்பிப் பந்தைத் தொட 0.15 நொடி அளவில் போய்விடும். மீதிக் கால் நொடியில்தான் பேட்டர் பார்த்து, முடிவெடுத்து, உடம்பைத் தயாராக்க வேண்டும். யோசித்து யோசித்து அசைய அங்கே இடமில்லை. உடம்பு தானாகச் செய்ய வேண்டிய வேலை அது.

வலக்கைப் பேட்டருக்கு இடக்கால் முன்கால், வலக்கால் பின்கால். பாதங்கள் தோளகலத்தைவிடச் சற்று விரிந்திருக்கும். பிட்ச்சர் கையைப் பின்னுக்கு இழுக்கும்போது பேட்டரின் எடை பின்காலின் உட்பக்கத்துக்குப் போகும். கைகள் பின்தோள் அருகே நாலு விரற்கடை பின்வாங்கும். பிறகு முன்கால் 15 முதல் 20 செ.மீ. வரை மெல்ல நகர்ந்து ஊன்றும். ஊன்றிய மறுகணம் இடுப்பு திரும்பத் தொடங்கும்; அப்போதும் கைகள் பின்னாலேயே இருக்க வேண்டும். இடுப்புக்குப் பின் தோள், தோளுக்குப் பின் கை, கடைசியில் பேட். சாட்டையின் பிடி நின்ற பிறகுதானே நுனி பாய்கிறது, அதே வரிசை. முன்கால் முட்டி இறுகி உடம்பை நிறுத்தும்போது வேகம் முழுவதும் பேட்டுக்கு இறங்கும்.

பெப்பரில் இந்தச் சங்கிலியின் கடைசிப் பகுதி மட்டும்தான் வேலை செய்கிறது: முன்கையும் மணிக்கட்டும்.

முதல் படி: உடம்பும் வெறும் ஸ்விங்கும்

மெல்லோட்டம், பக்கவாட்டு நடை, இடுப்பைச் சுழற்றுவது, தோள்களைச் சுழற்றுவது என்று எட்டு நிமிடம் போதும். வியர்வை அரும்பினால் சரி.

பேட் உங்களுக்கு ஏற்ற எடைதானா என்று இந்த நேரத்தில் பார்த்துவிடுங்கள். ஒரு கையால் கைப்பிடியின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் நீட்டி 20 நொடி நிற்க வேண்டும். அதற்குள் பேட் நுனி தாழ்ந்துவிட்டால் எடை அதிகம். கனமான பேட்டை வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சி செய்தாலும் கை வளைந்து சுற்றித்தான் வரும்.

பிடிக்கும்போது உள்ளங்கையில் அழுத்தாமல் விரல்களில் வைத்துப் பிடியுங்கள். கதவைத் தட்டப் பயன்படும் நடு விரல்மூட்டுகள் இரு கைகளிலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரட்டும். பிறகு பந்தில்லாமல் பத்துப் பதினைந்து ஸ்விங், ஒவ்வொன்றின் முடிவிலும் இரண்டு நொடி அசையாமல் நிற்க வேண்டும். தடுமாறினால் எடை எங்கோ தவறான இடத்தில் இருக்கிறது.

பேட்டில் எடை வளையத்தை மாட்டிச் சுழற்றுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கழற்றிய பின் பேட் இறகுபோல் தோன்றும், ஆனால் அளந்து பார்த்த சோதனைகளில் பேட்டின் வேகம் கூடவில்லை. குறைந்ததாகவே பலமுறை தெரியவந்தது. உங்கள் சொந்தப் பேட்டையே சுழற்றுங்கள்.

இரண்டாம் படி: டீ

ஸ்விங் உருவாகும் இடம் இதுதான். பந்து அசையாமல் நிற்பதால் கவனம் முழுவதும் உடம்பின் மேல் இருக்கும். சிறுவர் சமாச்சாரம் என்று டீயை ஒதுக்குகிறவர்கள் அமெரிக்க வீரர் டோனி குவினை நினைத்துக்கொள்ளலாம்: லீக்கின் உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டங்கள் 8, வாழ்நாள் சராசரி .338 (ஆயிரம் முயற்சிக்கு 338 வெற்றி அடி), கடைசி வரை டீயை விடாத மனிதர்.

டீயை வைக்கும் விதத்திலேயே பாதிப் பிழை வந்துவிடுகிறது. தரையில் 43 செ.மீ. அகலமுள்ள ஹோம் பிளேட்டை வையுங்கள். இல்லாவிட்டால் அந்த அளவில் அட்டை வெட்டிப் போடுங்கள். பிளேட் இல்லாமல் நின்றால், டீ எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப உடம்பு நகர்ந்து வசதி பண்ணிக்கொள்ளும். டீ நேராக வயிற்றுக்கு எதிரே இருப்பதும் தவறு. நடுப்பந்துக்கு அது முன்கால் ஊன்றும் இடத்துக்கு நேராக, அல்லது ஒரு சாண் முன்னால் இருக்க வேண்டும். உடம்பை ஒட்டி வரும் பந்துக்கு இன்னும் முன்னே தள்ளுங்கள். வெளிப்பக்கப் பந்துக்கு முன்காலைவிடச் சற்றுப் பின்னே இழுங்கள். அந்தப் பந்தை உள்ளே வரவிட்டு எதிர்ப்பக்கமாக அனுப்புவதே முறை.

உயரம் இடுப்புக்கும் தொடை நடுவுக்கும் இடையில். வலை மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

ஒவ்வொரு ஸ்விங்குக்கும் முன், பிட்ச்சர் நிற்கும் திசையைப் பாருங்கள். பந்து அங்கிருந்து வருவதாகக் கண்ணை ஓட்டிக்கொண்டு வந்து, பிறகு அடியுங்கள். டீயையே முறைத்துக்கொண்டு நின்று அடிக்கிறவருடைய தலை ஆரம்பத்திலேயே குனிந்துவிடும். ஆட்டத்தில் அப்படி நிற்க முடியாது.

பத்துப் பந்து அடித்துவிட்டு ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று. ஒரு பந்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எட்டு பத்து நொடி விடுங்கள், பாதங்களை எடுத்து மறுபடி வையுங்கள். தொடர்ந்து படபடவென்று அடித்தால் அது கைக்கு உடற்பயிற்சி மட்டுமே.

வலையில் பந்து படும் இடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். டீயின் உயரத்திலோ சற்று மேலோ நேராகப் போய்ப் பட்டால் நல்ல அடி. வலையின் உச்சிக்கு எகிறினால் பின்தோள் சரிந்து பேட் பந்தின் அடியில் போகிறது. உடனே தரையில் குத்தினால் பேட் மேலிருந்து வெட்டுகிறது, அல்லது மணிக்கட்டு சீக்கிரம் புரண்டுவிடுகிறது. தொடும் கணத்தில் மேல்கையின் (கைப்பிடியில் மேலே பிடித்த கையின்) உள்ளங்கை வானத்தையும் கீழ்க்கையின் உள்ளங்கை தரையையும் பார்க்க வேண்டும். புரள்வது பந்து போன பிறகுதான். பந்து பக்கவாட்டில் (வலக்கைப் பேட்டருக்கு இடப்பக்கமாக) வளைந்து ஓடினால் கைகள் உடம்பை விட்டு அகன்று, பேட் பெரிய வட்டமாகச் சுற்றி வருகிறது. டீயின் தண்டையே அடித்தால் பேட் நுனி சீக்கிரமே தாழ்ந்துவிட்டது.

அந்தப் பெரிய வட்டம்தான் புதியவர்களிடம் எங்கும் காணப்படும் குறை. அதற்கு வலையோரப் பயிற்சி ஒன்று உண்டு. பேட்டின் அடிக்குமிழைத் தொப்புளில் வைத்து, நுனி வலையைத் தொடும் தொலைவில் வலையைப் பார்த்தபடி நில்லுங்கள். அங்கேயே பக்கவாட்டு நிலைக்கு வந்து, வலையில் உரசாமல் மெதுவாக ஸ்விங் செய்யுங்கள். கைகள் அகன்றால் பேட் வலையில் சிக்கும். கைகள் உடம்பை ஒட்டி வந்து, இடுப்பு திரும்பிய பிறகு பேட் விரிந்தால் தப்பிக்கும். துணி வலையில் மட்டும் செய்யுங்கள். கம்பி வேலியில் பேட் கெடும், மணிக்கட்டும் அதிரும்.

மூன்றாம் படி: டாஸ்

எறிபவர் பேட்டருக்கு முன்புறம், 45 டிகிரி கோணத்தில், இரண்டரை மீட்டர் தள்ளி ஒரு முட்டியிட்டு அமர்கிறார். பந்தைக் கண்ணில் காட்டி, கையைக் கீழே இறக்கி, பேட்டரின் முன் இடுப்புக்கு எதிரே அடிக்கையாக (தோளுக்குக் கீழே கைவீசி) போடுகிறார். கை இறங்கும்போது பேட்டர் எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த இணைப்புதான் டாஸின் பயன். எறிபவர் காட்டாமல் திடீரென்று போட்டால் பேட்டர் அவசரமாகக் கையை மட்டும் வீசுவார். டீயில் கற்றது அங்கேயே கலையும். எறிபவர் எப்போதும் அடி போகும் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும், பாதுகாப்புத் திரை இல்லாமல் பேட்டருக்கு நேர் எதிரே ஒருபோதும் கூடாது.

பக்கவாட்டிலிருந்து வரும் பந்து ஆட்டத்தில் இல்லாத ஒன்று. ஆகவே இரண்டு மூன்று வாரம் போனபின் எல் வடிவப் பாதுகாப்புத் திரைக்குப் பின்னால் நின்று ஐந்தாறு மீட்டரிலிருந்து நேர் எதிரே டாஸ் போடும் முறைக்கு மாறுங்கள். திரை இல்லையென்றால் அந்தப் பயிற்சியே வேண்டாம்.

நான்காம் படி: பெப்பர்

எப்போது தொடங்கலாம்? டீயில் அடிக்கும் பத்துப் பந்தில் ஏழு, வலையில் நேராகப் பட ஆரம்பித்த பிறகு. அதுவரை பெப்பரில் ஃபீல்டராக நில்லுங்கள். அதுவும் நல்ல பயிற்சியே.

பேட்டரிலிருந்து ஆறு மீட்டரில் மூன்று ஃபீல்டர்கள், ஒருவருக்கொருவர் இரண்டு மீட்டர் இடைவெளி. பேட்டருக்குப் பின்னால் வலையோ வேலியோ இருந்தால் தவறிய பந்தைத் துரத்த வேண்டியதில்லை. ஒரே பந்து. எல்லோருக்கும் கையுறை, பேட்டருக்கு ஹெல்மெட். பேட் வீச்சுக்குள் யாரும் நடமாடக் கூடாது. எறி மோசமாக வந்தால் பேட்டர் விட்டுவிட வேண்டும். எட்டிப் பிடித்து அடிக்கும் ஆசைதான் முகத்தில் அடிபட வைக்கிறது. ஆரம்பத்தில் மென்பந்து போதும். விதிப்படியான பேஸ்பால் 142 முதல் 149 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து. ஆறு மீட்டரில் அது நெஞ்சுக்கு நேராக வந்தால் ஒதுங்க நேரம் கிடைக்காது. பத்து அடிக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். பேட்டர் அடித்தது தரையில் படாமல் பிடிபட்டால் உடனே மாற்றம் என்ற விதி வைத்தால் யாரும் ஓங்கி வீச மாட்டார்கள்.

அமெரிக்க மைதானங்களில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னுள்ள சுவரில் 'பெப்பர் கூடாது' என்று எழுதியிருப்பதைக் காணலாம். பயிற்சி பிடிக்காமல் எழுதியதல்ல. புல் தேயும், திசைமாறிய பந்து பார்வையாளர்கள் மேல் படும் என்பதற்காக எழுதியது. 1920, 30களில் ஊர் ஊராகச் சென்று ஆடிய ஹவுஸ் ஆஃப் டேவிட் அணி இந்தப் பெப்பரையே கண்கட்டு வித்தை போன்ற காட்சியாக்கிக் கூட்டம் சேர்த்தது.

இதில் கிடைப்பது என்ன? முதலில், பந்து பேட்டில் படும் வரை பார்க்கும் பழக்கம். அடுத்தது, பேட் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும் உணர்வு. மூன்றாவதுதான் நிஜமான இலாபம்: அடிக்கும் ஆழம். மூன்று ஃபீல்டர்களுக்கும் மாற்றி மாற்றி அனுப்ப முயலுங்கள். வலக்கைப் பேட்டர் தன் இடப்பக்கத்தில் நிற்பவருக்கு அனுப்பப் பந்தை முன்னாலேயே சந்திக்க வேண்டும். வலப்பக்கத்தவருக்கு அனுப்ப அதை உள்ளே வரவிட வேண்டும். மணிக்கட்டைத் திருப்பித் திசை மாற்றுவது ஏமாற்று வேலை. சந்திக்கும் இடத்தை மாற்றித் திசை மாற்றினால், இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் (மூன்றாவது விழுந்தால் அவுட்) பந்தைத் தொட்டுத் தப்பிக்கும் திறமை இங்கிருந்துதான் வரும்.

கெடுவதும் இங்கேதான், அதற்குக் காரணங்கள் உண்டு.

தரையோடு அனுப்ப வேண்டும் என்றதும் புதியவர் மேலிருந்து கீழே வெட்டுகிறார். பிட்ச்சர் நின்று எறியும் மேடு உயரம். வேகப்பந்து பேட்டரை அடையும்போது ஏறத்தாழ ஆறு டிகிரி சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும். அதற்கு எதிராகப் பேட் லேசாக மேல்நோக்கி வந்தால் இரண்டு பாதைகளும் நீண்ட தூரம் ஒன்றாகப் போகும், கணிப்பு சற்றுப் பிசகினாலும் அடி படும். 1941இல் .406 சராசரி எடுத்த அமெரிக்க வீரர் டெட் வில்லியம்ஸ் வாழ்நாள் முழுவதும் வாதாடியது இதற்காகத்தான். வெட்டும் பேட் பந்தின் பாதையை ஒரே புள்ளியில் குறுக்கிடுகிறது. இம்மி பிந்தினால் போச்சு.

வேகமும் கண்ணை ஏமாற்றும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஆறு மீட்டர் தூரம் எறிந்தால் பந்து வர அரை நொடிக்குச் சற்று மேல் ஆகும். நேரக் கணக்கில் ஆட்டத்துக்கு வெகு தூரமில்லை. ஆனால் அந்த அரை நொடியில் பந்து வளைந்து, கடைசியில் 20 டிகிரி சரிவில் விழுகிறது. ஆட்டப்பந்தைவிட மூன்று மடங்கு செங்குத்து. இதையே நாள் முழுக்கப் பார்த்த கண், உண்மையான வேகப்பந்துக்குக் கீழே ஸ்விங் செய்யும். பெப்பரை எட்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்வது இதனால்தான்.

பிறகு கால்கள். விடாமல் பந்து வருவதால் எடையைப் பின்னுக்குக் கொண்டுபோக நேரமில்லை. முன்காலில் சாய்ந்தபடியே தட்டிக்கொண்டிருப்பீர்கள். கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது இரட்டைச் சிக்கல்: பந்து குத்தும் இடத்துக்கு முன்காலை நீட்டித் தலையை அதன்மேல் கொண்டுபோகும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பேஸ்பாலில் தலை நகர்ந்தால் பந்தின் வேகம் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். பந்தைத் தொடும் வேளையில் தலை இரண்டு பாதங்களுக்கு இடையில், சற்றுப் பின்காலை ஒட்டியே நிற்க வேண்டும்.

பெப்பரைத் திருத்தி ஆடும் விதம்

வேகத்தைக் குறையுங்கள், உடம்பைக் குறைக்காதீர்கள். ஆட்டத்தில் காட்டும் வேகத்தில் பாதியை விடச் சற்று அதிகமாக ஸ்விங் செய்தாலும், பின்குதிகால் தரையை விட்டு எழ வேண்டும்; தொப்புள் ஃபீல்டர் பக்கம் திரும்ப வேண்டும். பேட்டை அடிக்குமிழிலிருந்து 5 செ.மீ. மேலே பிடித்தால் கட்டுப்பாடு கூடும்.

ஃபீல்டர் பிடித்தவுடன் எறியாமல், கையைப் பின்னுக்கு இழுத்துக் காட்டிவிட்டு எறியட்டும். அந்த ஒரு கணம் பேட்டர் எடையைப் பின்காலுக்கு மாற்றப் போதும். ஆட்டத்தின் துள்ளல் கொஞ்சம் குறையும்தான், பரவாயில்லை. தூக்கி எறியாமல், இடுப்புக்கும் முட்டிக்கும் நடுவில் வந்து சேரும்படி கூடியமட்டும் நேராக எறிய வேண்டும்.

பந்து முதலில் குத்தும் இடத்தைக் கவனியுங்கள். தரையில் மூன்றரை மீட்டரில் ஒரு கோடு கிழியுங்கள். கோட்டை ஒட்டியோ தாண்டியோ குத்தினால் பேட் சமதளத்தில் வருகிறது. பந்தின் நடுவுக்கு ஓரிழை மேலே பட்டாலே அது தாழ்வாகப் போகும். உங்கள் காலுக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே குத்தினால் வெட்டுகிறீர்கள். தொடர்ந்து மூன்று வெட்டு விழுந்தால் பெப்பரை நிறுத்தி டீயில் பத்துப் பந்து அடித்துவிட்டு வாருங்கள்.

நேரமும் அளவும்

உடம்பு சூடாக 8 நிமிடம், வெறும் ஸ்விங் 4, டீ 12, டாஸ் 8, பெப்பர் 8. ஒரு நாளில் மொத்தம் 80 முதல் 100 ஸ்விங், வாரம் மூன்று நாள். அதற்கு மேல் போனால் முதலில் களைப்பது கால்கள்; கால் ஓய்ந்ததும் கை பொறுப்பெடுத்துக்கொள்ளும், அதோடு பழைய குறைகள் எல்லாம் திரும்பி வரும். உள்ளங்கை எரியத் தொடங்கினால் கொப்புளம் வரும் முன்பே நிறுத்திவிடுங்கள்.

வாரம் ஒருமுறை போனை உங்கள் மார்புக்கு எதிர்ப்பக்கம், இடுப்பு உயரத்தில் வைத்து மெதுவோட்டத்தில் படமெடுங்கள். டீயில் ஐந்து ஸ்விங், பெப்பரில் ஐந்து. இரண்டு இடத்தில் நிறுத்திப் பார்த்தால் போதும். முன்கால் ஊன்றும்போது கைகள் பின்தோள் அருகே இருக்கின்றனவா? பந்தைத் தொடும்போது தலை எங்கே இருக்கிறது? டீ படத்தில் கைகள் பின்னால் இருந்து, பெப்பர் படத்தில் ஏற்கெனவே முன்னால் வந்திருந்தால், அடுத்த வாரம் பெப்பரின் எட்டு நிமிடத்தில் நாலைப் பிடுங்கி டீக்குக் கொடுங்கள். இரண்டு படமும் ஒன்றுபோல் இருந்தால், டீ அடிக்கும் முன்பே ஐந்து நிமிடம் பெப்பர் ஆடலாம்.

பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு ஸ்பாஞ்சுப் பந்து, நாலு மீட்டர் தூரம், அடிக்கையால் எறிதல். திசை சொல்லி அடிக்க வைப்பதை அவர்களிடம் அவசரப்படுத்த வேண்டாம். பந்தைப் பார்த்து, இரண்டு காலும் தரையில் நிற்க அடித்தால் போதும்.